பழவாள் அறியும் கலை

போர் ஓய்ந்தபின் வாளின் கதி யாதாகும் என்று நம்மிற் பெரும்பாலார் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏந்துவார் அற்ற வாள் கொல்லன் உலையிற் புகுந்து அரிவாளாகவோ கொழுவாகவோ மாறும். அன்றேல் பரண்மேல் துருவேறிக் கிடக்கும். அன்றேல் தெய்வத்தின் அருகில் நின்று பூசை பெறும். இம்மூன்றிற்கும் புறம்பாக நான்காவது கதியொன்றும் உண்டு. அறிந்தார் ஒருவர் அதனைக் கையிலெடுத்து, இன்ன காலத்தது, இன்ன நாட்டது, இன்னவாறு செய்யப்பட்டது என்று கண்டு, அவ்வறிவுடன் அதனை அடுத்த தலைமுறைக்கு ஒப்புவித்தலே அது. இந்நான்காம் கதியைத் தம் வாள்கள் பலவற்றிற்கு வாய்க்கச் செய்தவர் ஜப்பானியர். அவர்தம் முறையை விளக்கி, அதனைக்கொண்டு தென்காசி, குற்றாலம் சூழ்ந்த நம் நாட்டின் பழவாள்களுக்கு நாம் செய்யத்தக்கது யாதென்று காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் நம் நாட்டு நிலைமையைக் காண்போம். சிவகிரி, நெற்கட்டும்செவல், தலைவன்கோட்டை, சொக்கம்பட்டி, ஊற்றுமலை முதலிய பாளையங்கள் நிறைந்திருந்த இந்நிலம், ஒருகாலத்தில் வாளுக்கும் வல்லயத்திற்கும் பஞ்சமில்லாதது. 1799ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் வீரபாண்டிய கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதும், மேஜர் பானர்மன் கோட்டைகளை இடிக்குமாறும் படைக்கலங்களை ஒப்புவிக்குமாறும் பாளையக்காரர்க்கு ஆணையிட்டார். இரண்டாண்டு கழித்து மீண்டும் மூண்ட போரும் அடங்கியபின், 1801 டிசம்பர் 1ஆம் நாள், சென்னைக் கவர்னர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட விளம்பரம் தென்பாண்டி நாட்டில் ஆயுதம் தாங்கும் வழக்கத்திற்கு முற்றுப்புள்ளி வைத்தது.

போர் நிகழாத தஞ்சையிலும் வாள்கள் பிழைக்கவில்லை. அரசர் சிவாஜி 1855இல் ஆண்மகவின்றி இறந்தபின், அரண்மனை ஆயுதசாலையிற் குவிந்திருந்த படைக்கலங்களிற் சில தேர்ந்தெடுக்கப்பட்டுச் சென்னை அருங்காட்சியகம் சேர்ந்தன. பெரும்பகுதி உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாய் விலைபோயிற்று. வால்ஹவுஸ் என்னும் ஆங்கில அதிகாரி 1878இல் இதனைப் பற்றி எழுதிவைத்தார். வேலைப்பாடு மிக்க கட்டாரிகளையும் எடைக்கு விற்ற அக்காலத்தில், அவற்றை மதிப்பிட வல்லார் சிலர் அருகிருந்து தடுத்திருப்பின், இன்று நம் கலைச் செல்வம் எத்துணை பெருகியிருக்கும்!

இனி ஜப்பானை நோக்குவோம். அந்நாட்டிலும் வாளுக்கு மும்முறை பேரிடர் நேர்ந்தது. 1588இல் ஹிதெயோஷி என்னும் தலைவர், பெரிய புத்தர் சிலைக்கு ஆணி முதலியன செய்வதற்கென்று காரணங்காட்டிக் குடியானவரிடமிருந்த வாள்களையெல்லாம் பறித்தார். 1876இல் புதிய அரசாங்கம், படைவீரரும் அதிகாரிகளும் அல்லாதார் வாள் அணிதலைத் தடுத்தது. 1945இல் போரில் தோற்றபின், வெற்றி பெற்ற படையினர் குடிமக்களின் வாள்களை ஒப்புவிக்கச் செய்தனர். எண்ணற்றவை உருக்கப்பட்டும் கடலில் எறியப்பட்டும் அழிந்தன. ஆயினும் அப்போது ஹொன்மா ஜுஞ்சி முதலிய அறிஞர் முன்வந்து, பழைய வாள் படைக்கலம் மட்டுமன்று, கலைப்பொருளும் ஆகும் என்று அதிகாரிகளிடம் எடுத்துரைத்தனர். எது கலைப்பொருள், எது வெறும் ஆயுதம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டவும் அவர்களால் முடிந்தது. அதனாற் பல்லாயிரம் வாள்கள் தப்பின. 1948இல் இவ்வாள்களைப் பேணுவதற்கென்றே ஒரு சங்கமும் தோன்றிற்று. வாளின்மேல் வைத்த அன்பு மட்டும் அவற்றைக் காத்திராது. பிரித்தறியும் அறிவே காத்தது என்பதை நாம் குறித்துக்கொள்ளல் வேண்டும்.

அவ்வறிவு ஒருநாளில் வந்ததன்று. ஹொன்னாமி என்னும் குடும்பத்தார் பல தலைமுறையாக வாள் தீட்டுதலையும் மதிப்பிடுதலையும் குலத்தொழிலாகக் கொண்டிருந்தனர். அவர்கள் மடித்த தாளில் எழுதிக் கொடுத்த சான்றிதழில் வாளைச் செய்தவன் பெயரும் அதன் மதிப்பும் காணப்படும். 1719இல் அரசுத் தலைவர் யோஷிமுனெயின் ஆணைப்படி, நாடெங்கும் புகழ்பெற்ற வாள்களின் பட்டியலையும் அவர்கள் தொகுத்தனர்.

மதிப்பிடுவோர் ஜப்பானிய வாளில் நோக்குவன ஐந்து. முதலாவது வடிவம். குதிரைமேலிருந்து பொருத காலத்து வாள் நீண்டு மிக வளைந்திருக்கும்; தரையில் நின்று பொருத பிற்காலத்து வாள் குறுகியிருக்கும். ஆதலின் வளைவே காலத்தைக் கூறும். இரண்டாவது, உருக்கின் மேனி. ஆற்று மணலிற் கலந்த இருப்பு மணலை உருக்கியெடுத்த எஃகைப் பன்முறை மடித்தடிப்பதால், மரத்தின் வரிபோன்ற நுண்ணிய இழைகள் தோன்றும். மூன்றாவது, பதக்கோடு. கொல்லன் வாளின் முதுகில் தடிப்பாகவும் வாயில் மெல்லிதாகவும் களிமண் பூசி, நெருப்பிற் காய்ச்சி நீரில் தோய்ப்பான். வாய் விரைவிற் குளிர்ந்து கடினமாகும். முதுகு மெல்லக் குளிர்ந்து முறியாத தன்மை பெறும். இரண்டும் சந்திக்குமிடத்தில் அலைபோலவோ நேர்கோடாகவோ ஒரு வெண்மையான எல்லை தோன்றும். இஃது ஒவ்வொரு கொல்லனுக்கும் கையெழுத்துப் போன்றது. நான்காவது, நுனியில் அக்கோடு திரும்பும் விதம். ஐந்தாவது, பிடிக்குள் மறையும் அடிக்காம்பு.

இவ்வடிக்காம்பே மிக முக்கியமானது. ஜப்பானிய வாளின் பிடி, சிறிய மூங்கில் ஆணியொன்றினாற் பொருத்தப்பட்டது; ஆணியைத் தட்டியெடுத்தால் பிடி கழன்றுவிடும். உள்ளே காம்பில் கொல்லன் தன் பெயரையும், சில வேளைகளில் ஆண்டையும் பொறித்திருப்பான். ஆயினும், பெயர் பொறித்திருப்பதனால் மட்டும் அவர்கள் நம்புவதில்லை. புகழ்பெற்றார் பெயரைப் பொய்யாகப் பொறித்தல் பண்டுதொட்டே நிகழ்வது. எனவே முதலில் வாளின் மேனியைப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தபின்னரே பெயரை நோக்குவர். அவர்தம் பயிற்சிக் கூட்டங்களில் காம்பைத் துணியாலோ பிடியாலோ மறைத்து வாளைக் கொடுப்பர்; கூடியிருப்போர் ஒவ்வொருவரும் செய்தவன் பெயரை ஊகித்துச் சீட்டிலெழுதித் தருவர்; பின்னர் விடை கூறப்படும். கண்ணைப் பழக்குவதற்கு இதனினும் சிறந்த பள்ளி வேறில்லை.

காம்பின் துருவையும் அவர்கள் தேய்ப்பதில்லை. பல நூற்றாண்டுகளாய்ப் படிந்த கருந்துருவே வயதிற்குச் சான்று. அதனைச் சுரண்டி மினுக்கினால் வாள் அழகு பெறாது. தன் வயதைச் சொல்லும் நாவை இழந்துவிடும். அதன் விலையும் அக்கணமே வீழும்.

வாளின் அணிகலன்களும் தனியே தொகுக்கப்படுவன. கைக்காப்புத் தட்டு, பிடியின் இருமுனை வளையங்கள், பிடியிற் பதிக்கும் சிற்றுருவங்கள் முதலியவற்றைச் செய்வதற்கெனத் தனிக் கம்மியர் இருந்தனர். கோத்தோ என்னும் குடும்பத்தார் பல தலைமுறையாக ஆட்சியாளர்க்கு இவற்றைச் செய்தளித்தனர். செம்பிற் சிறிதளவு பொன் கலந்து, மருந்துநீரிற் கொதிக்கவைத்து, காக்கைச் சிறகின் கருநீலம் பெறச்செய்யும் வித்தை அவர்க்குக் கைவந்தது. இவ்வண்ணம் மேற்பரப்பில் மெல்லியதாகவே படிந்திருத்தலின், பித்தளை துலக்குவதுபோலத் துலக்கினால் ஒருநொடியில் மறைந்துவிடும்.

ஜப்பானிய வாள் எனப்படுவன யாவும் தொன்மையானவையுமல்ல. 1945இல் பர்மாவிலும் மலேயாவிலும் சரணடைந்த ஜப்பானிய அதிகாரிகளின் வாள்கள் நேசநாட்டுப் படையினர் கைக்கு வந்தன. அவற்றுட் சில, பழைய குடும்ப வாளுக்குப் படைப்பிடி பூட்டியவை. மிகப்பல தொழிற்சாலையில் திரளாகச் செய்தவை. காம்பில் ஆலை முத்திரை இருப்பினும், வாளின் உடம்பில் வரிசை எண் அடித்திருப்பினும், பிடியின் நூற்கட்டு உண்மையான நூலாகாமல் உலோக வார்ப்பாயிருப்பினும், அது நூறாண்டும் நிரம்பாத படைவாள் என்று தெளியலாம்.

இம்முறையை நம் நாட்டு வாளுக்கும் பொருத்திப் பார்ப்போம். இங்கே முதல் வேற்றுமை பிடியில் உள்ளது. இந்திய வாட்களிற் பலவற்றின் இரும்புப் பிடிக்குள் அரக்கும் பிசினும் நிரப்பிக் காம்பைச் செருகியிருப்பர். காம்பைக் காண இயலாது. கொல்லன் பெயரும் பெரும்பாலும் இராது. பிடியைச் சூடாக்கினால் அரக்கு இளகும்; ஆகவே பழைய பிடியில் புதிய அலகையும், பழைய அலகில் புதிய பிடியையும் மாற்றிப் பொருத்துதல் எளிது. எனவே, நம் வாளை ஆராய்வோன் அலகையும் பிடியையும் இரு வேறு சாட்சிகளாக வைத்துத் தனித்தனியே வினவ வேண்டும்.

இரண்டாவது, அலகு வந்த நாடு. தஞ்சை ஆயுதசாலையின் கட்டாரிகளிற் பல ஐரோப்பிய வாளின் அலகை வெட்டிப் பொருத்தியவை. அலகு தனியே தறையப்பட்டிருப்பதை அடிப்பாகத்தில் காணலாம். ஐரோப்பிய அலகு பூண்ட நெடுவாளைப் பரங்கி வாள் என்பர். ஐரோப்பியப் பட்டறைகளின் முத்திரைகளுக்கு மதிப்பிருந்தமையால் அவற்றை நம் கொல்லரும் பார்த்துப் பொறித்தனர். ஜப்பானியர் கூறும் பாடம் ஈண்டும் பொருந்தும்; பெயரும் முத்திரையும் கடைசிச் சாட்சிகளே.

மூன்றாவது, உருக்கின் மேனி. தென்னாட்டு உருக்கு மடித்தடித்து ஆனதன்று. சேலம் பகுதிக் கொல்லர் இரும்புத் துண்டுகளுடன் உலர்ந்த ஆவாரங்கட்டையை மண்மூசையிலிட்டு, எருக்கு முதலியவற்றின் இலையால் மூடி, வாயைக் களிமண்ணால் அடைத்து உலையிற் காய்ச்சியதை, 19ஆம் நூற்றாண்டில் ஹீத் என்பவர் விவரித்தெழுதினார். மூசைக்குள் கரி இரும்பில் ஊறி எஃகாகும். மூசையெஃகினாற் செய்த சிறந்த அலகில் நீரோட்டம் போன்ற வரிகள் காணப்படும். இவ்வரிக்கு விலை மிகுதலால், சாதாரண இரும்பில் திராவகத்தால் பொய்வரி எழுதி விற்பாரும் உளர். அது மேற்பரப்போடு நின்றுவிடும்.

நான்காவது, இடமும் குறிப்பும். பிக்கானேர் ஆயுதசாலையின் சில படைக்கலங்களில் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள் அவை 1689இல் ஆதோனியிற் கைப்பற்றப்பட்டவை என்று கூறுகின்றன. அச்சிறு புள்ளிகள் இல்லையேல் அவ்வாள்களின் பயணத்தை எவரும் அறியார். நம் ஆதிச்சநல்லூரில் 1899 முதல் அலெக்சாந்தர் ரே அகழ்ந்தெடுத்த இரும்பு வாள்கள் மண்ணால் அரிக்கப்பட்டவை; ஆயினும் எவ்விடத்தில் எப்பொருள்களுடன் கிடந்தன என்னும் குறிப்பு உடன் இருத்தலின், பளபளக்கும் ஊர்பேர் அறியாத வாளைவிட அவை மிகுதியாகப் பேசுகின்றன. கல்லும் நமக்குத் துணை செய்யும். பராக்கிரம பாண்டியன் 1446இல் தொடங்கிய தென்காசிக் கோயிலின் மண்டபத்திலுள்ள வீரபத்திரர் சிலைகளின் கையிலுள்ள வாள்களுக்கு எவரும் பிடி மாற்றிவிட இயலாதன்றோ? சிற்பத்தின் காலம் தெரிந்தால், அத்தகைய பிடிகள் வழங்கிய காலத்தையும் அறியலாம்.

இத்தனை சான்றும் ஒரு நாட் காலையில் அழியக்கூடும் என்பதே நம் அச்சம். ஆயுதபூசை வருகிறது, பரணிலிருந்து பாட்டனார் வாள் இறங்குகிறது, செங்கற்பொடியாலும் புளியாலும், இக்காலத்தில் உப்புத்தாளாலும் சாணைச் சக்கரத்தாலும் அது வெண்மையாகத் தேய்க்கப்படுகிறது. பக்தியினாற் செய்வதே, ஆயினும் பொறித்த எழுத்தும், பொன்னிழையும், நீரோட்டமும் அத்தேய்ப்பிற் போய்விடுகின்றன. பூசையைத் தவிர்க்க வேண்டுவதில்லை; தேய்ப்பைத் தவிர்த்தால் போதும். சந்தனத்தையும் குங்குமத்தையும் அலகில் அப்பாமல் உறையின்மேல் இடலாம். ஔவையார் புறநானூற்றின் 95ஆம் பாட்டில் தொண்டைமான் ஆயுதசாலையில் நெய்பூசிக் காத்த படைக்கலங்களை நகைத்தார். போர்க்களத்திற்கு அந்நகை தகும். நமக்கோ இன்று அந்நெய்யே வேண்டுவது.

ஜப்பானியர் அலகைப் பழைய எண்ணெய் போகத் துடைத்து, கிராம்பு மணமூட்டிய எண்ணெயை மெல்லிதாகத் தடவி வைப்பர். அக்கிராம்பு நம் குற்றாலமலைத் தோட்டங்களிலும் விளைவதொன்று. சாரல் வீசும் ஆனி, ஆடி மாதங்களில் காற்றின் ஈரம் இரும்பை விரைவிற் பற்றுமாதலின், குற்றாலத்தை அடுத்து வாழ்வோர்க்கு இக்கவனம் பின்னும் வேண்டும். விரல் பட்ட இடம் துருப்பிடிக்கும். அலகை வெறுங்கையால் தொடலாகாது. தோலுறைக்குள் நெடுநாள் வைப்பதும் தீது. தோல் ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும்.

தொகுக்க விரும்புவோர் சட்டத்தையும் அறிதல் வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டப்படி நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டிற்கு அனுப்புதல் குற்றம். 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டமும் வாளைப் பற்றிப் பேசுவதே. கோயிற் பொருளை எவர் விற்பினும் வாங்கலாகாது. மார்கழிதோறும் அச்சன்கோயில் சாஸ்தாவின் ஆபரணப்பெட்டி, தங்கவாளுடன், புனலூரிலிருந்து தென்காசி வழியாகச் செல்லும்போது மக்கள் திரண்டு வணங்குகின்றனர். அத்தகைய வாளுக்கு விலை கேட்பது அறிவாகாது.

மாணவ நண்பர்களே! தொகுத்தல் என்றால் வாங்கிக் குவித்தல் என்று எண்ணற்க. பொருளில்லாதார்க்கும் இயலும் தொகுப்பு ஒன்றுண்டு. அதுவே தலையாயதும் ஆகும். விடுமுறையில் ஊர் செல்லும்போது, பழைய வாளுள்ள வீட்டாரிடம் அனுமதி பெற்று, அதன் நீளம், அகலம், எடை, வளைவு, பிடியின் அமைப்பு, காணப்படும் எழுத்து, குறி ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். இருபுறமும் நிழற்படம் எடுங்கள். அவ்வீட்டு முதியோர் அதனைப் பற்றிச் சொல்லும் செய்தியை அவர் சொன்னவாறே, உண்மையென்றும் பொய்யென்றும் தீர்ப்புக் கூறாது பதியுங்கள். 1801இல் வாளைப் பறித்தவர் அதன் இரும்பைப் பறித்தனர். எஞ்சியவற்றின் வரலாற்றைப் பறிப்பது நம் அசட்டையே. ஜப்பானில் அறிந்தார் சிலர் இருந்தமையால் பல்லாயிரம் வாள்கள் பிழைத்தன. நம் சீமையிலும் அத்தகைய சிலர் தோன்றுதற்கு ஒரு குறிப்பேடும் பொறுமையுள்ள இரு கண்களும் போதுமானவை.