ஊட்டிக்கு சைக்கிளில் போகலாமா? கிளம்பும் முன் போட வேண்டிய மலைக் கணக்கு

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் வரை சைக்கிள் ஓட்டிப் பழகியவர்களுக்கு 50 கி.மீ. பெரிய விஷயமே இல்லை. இரண்டரை மணி நேரம், வழியில் ஒரு டீ, அவ்வளவுதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஊட்டிக்கும் ஏறக்குறைய அதே 50 கி.மீ.தான். ஆனால் மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி சுமார் 2,240 மீட்டரில். அதாவது, 1,900 மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். "50 கி.மீ.தானே, போயிடலாம்" என்று கிளம்பினால் மூச்சு முட்டும்.

நீலகிரியை சைக்கிளில் சுற்றிப் பார்க்க அசாத்திய உடல் பலம் தேவையில்லை. எந்தச் சாலை, எந்த கியர், எப்படி இறங்குவது என்ற மூன்று கேள்விகளுக்கு முன்கூட்டியே பதில் தெரிந்திருந்தால் போதும்.

சரிவு என்றால் என்ன?

100 மீட்டர் முன்னே போகும்போது 5 மீட்டர் மேலே ஏறினால், அது 5 சதவீத சரிவு. காரில் உட்கார்ந்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. சைக்கிளில் முழங்கால் உடனே சொல்லிவிடும்.

ஓட்டுபவர் 75 கிலோ, சைக்கிள் 12 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஓரளவு பழக்கமுள்ளவர் சீராக மிதித்தால் சுமார் 150 வாட் சக்தி கொடுக்கலாம். அதே சக்தியில் 5 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 10 கி.மீ. வேகம் கிடைக்கும். சரிவு 9 சதவீதமானால் வேகம் 7 கி.மீ.க்கும் கீழே போய்விடும். ஒவ்வொரு 1,000 மீட்டர் ஏற்றத்துக்கும் உடல் சுமார் 800 கிலோ கலோரி செலவழிக்கிறது. காலையில் ஒரு காபியோடு கிளம்பினால் பாதி மலையில் கால் ஓய்ந்துவிடும்.

போகப் போகக் காற்றும் மெலிகிறது. ஊட்டியின் உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. கடைசி 10 கி.மீ. இழுவையாகத் தோன்ற இதுவும் ஒரு காரணம்.

மூன்று சாலைகள், மூன்று விதமான மலை

குன்னூர் வழி: கல்லாறு தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. சராசரி சரிவு 5 சதவீதத்துக்குப் பக்கத்தில். 14 கொண்டை ஊசி வளைவுகள். பாக்குத் தோப்பு, பலா மரங்கள், பிறகு தேயிலை என்று காட்சி மாறிக்கொண்டே வரும். சிக்கல் என்னவென்றால், பேருந்துகளும் சுற்றுலா வாகனங்களும் அதிகம். விடியற்காலையில் கிளம்பினால் நெரிசலுக்கு முன் குன்னூரை எட்டிவிடலாம்.

கோத்தகிரி வழி: மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கி.மீ. சரிவு குன்னூர் சாலையைப் போலத்தான், ஆனால் போக்குவரத்து குறைவு. முதல் முறை மலை ஏறுபவர்களுக்கு இதுவே வசதி. அன்றைக்கு கோத்தகிரியிலேயே தங்கிவிட்டு, மறுநாள் தொட்டபெட்டா பக்கமாக ஊட்டிக்குப் போகலாம்.

கல்லட்டி வழி: மசினகுடி பக்கமிருந்து ஊட்டிக்கு ஏறும் 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட சாலை. சுமார் 12 கி.மீ. தூரத்தில் 1,000 மீட்டருக்கும் அதிகமான ஏற்றம். சில இடங்களில் சரிவு சராசரியைவிட மிக அதிகம். 2008இல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீல்கிரிஸ்' சைக்கிள் பயணத்தில் பெயர் வாங்கிய ஏற்றம் இது. முதல் முயற்சிக்கு வேண்டாம்.

எந்த கியர் வேண்டும்?

பார்க்க வேண்டியது சைக்கிளின் விலையை அல்ல, பல் சக்கரத்தை. முன் சக்கரத்தில் 34 பல், பின்னால் பெரிய சக்கரத்தில் 34 பல் இருந்தால், ஒரு மிதிக்கு டயர் ஒரு சுற்று சுற்றும், சுமார் 2.1 மீட்டர் நகரும். 9 சதவீத ஏற்றத்திலும் நிமிடத்துக்கு 50 முறைக்கு மேல் மிதிக்க முடியும். கியர் இல்லாத சாதாரண சைக்கிளில் அதே வேகத்துக்கு நிமிடத்துக்கு 20 முறைதான் மிதிக்க வரும். முழு எடையும் முழங்காலில் விழும். வாங்கும் முன் பல்லை எண்ணிப் பாருங்கள்.

ஆபத்து ஏறும்போது இல்லை

மலை சைக்கிள் பயணத்தில் உயிருக்கு ஆபத்தான பகுதி இறக்கம். ஏறும்போது சேர்த்த ஆற்றல் முழுவதும் இறங்கும்போது எங்காவது போயாக வேண்டும். 1,000 மீட்டர் இறக்கத்தில் அந்த ஆற்றல், இரண்டரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. ஒரு பகுதியைக் காற்று எடுத்துக்கொள்ளும். மீதி பிரேக்கில் சூடாக மாறும்.

பயந்துபோய் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால், ரிம் பிரேக் சைக்கிளில் ரிம் சூடேறி டியூப் வெடிக்கலாம். டிஸ்க் பிரேக்கிலும் அதிகச் சூட்டில் பிடிமானம் குறையலாம். நேர் பாதையில் இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தைக் குறைப்பது, வளைவுக்குள் நுழையும் முன் வேலையை முடிப்பது, பிறகு விட்டு ஆறவிடுவது - இதுதான் முறை. சந்தேகமாக இருந்தால் நின்று, ரிம்மை ஆறவிட்டுப் போவதில் எந்த அவமானமும் இல்லை. மலைச்சாலையில் ஏறி வரும் வாகனத்துக்கே முன்னுரிமை என்பதையும் மறக்கக் கூடாது.

கல்லட்டி இறக்கத்தில் நடந்த விபத்துகளால் வெளியூர் வாகனங்களுக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. சைக்கிளுக்கும் அந்தச் சாலை ஏற மட்டும்தான் என்று முடிவு செய்துகொள்வது நல்லது.

காட்டுப் பாதையில் ஓட்டலாமா?

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே போகும் மண் பாதைகள் படத்தில் அழகாக இருக்கும். ஆனால் பல தனியார் நிலம். கேட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு விதிகள் கடுமையாயின.

சைக்கிளுக்கென்று தனி ஆபத்து ஒன்றும் உண்டு: அது சத்தமே போடாது. வளைவைத் தாண்டியதும் யானையோ காட்டெருமையோ நின்றால், இருவருக்கும் கடைசி நொடியில்தான் தெரியும். பர்லியார், கல்லாறு பகுதிகளிலும் சீகூர் பீடபூமியிலும் யானை நடமாட்டம் சகஜம். மணி அடித்துக்கொண்டே போகலாம். அதிகாலை இருட்டிலும் மாலை மங்கலிலும் இந்தப் பகுதிகளைத் தவிர்க்க வேண்டும். விலங்கைப் பார்த்தால் செல்ஃபி வேண்டாம், தூரத்திலேயே நின்றுவிடுங்கள்.

மண் பாதைதான் வேண்டும் என்பவர்களுக்கு, குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே கேத்தி பள்ளத்தாக்கின் ஊர்ச்சாலைகள் நல்ல மாற்று. கேரட் வயல்களுக்கு இடையே, வாகன இரைச்சல் இல்லாமல் ஓட்டலாம்.

எப்போது, எப்படிப் போவது?

தென்மேற்குப் பருவமழை கூடலூர் பக்கத்தை நனைக்கும். வடகிழக்குப் பருவமழை குன்னூர், கோத்தகிரி பக்கத்தைத் தாக்கும். 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் 40க்கும் மேற்பட்டோர் இறந்தனர். டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை பாதுகாப்பான காலம். உறைபனிக் காலையில் கையுறை அவசியம்.

சென்னையிலிருந்து இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் காலையில் மேட்டுப்பாளையம். சைக்கிளை லக்கேஜ் வேனில் முன்பதிவு செய்துகொள்ளலாம். துணைக்குக் கார் வருகிறது என்றால் அதற்கு இ-பாஸ் எடுக்க வேண்டும். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு மாவட்டத்தில் தடை. சைக்கிளில் மாட்டும் பாட்டில் இரண்டு போதும்.

கிளம்பும் முந்தைய இரவு செய்ய வேண்டிய வேலை ஒன்றே ஒன்று: பிரேக் கட்டைகளைப் பாருங்கள். தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். ஏற முடியாவிட்டால் இறங்கித் தள்ளிக்கொள்ளலாம். இறங்கும்போது நிறுத்த முடியாவிட்டால் வேறு வழியில்லை.