வீட்டில் பயின்ற பிள்ளையும் கல்லூரி வாயிலும்

சென்ற திங்களில் சித்தூர் அன்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தோம். ஆம்பூரிலிருந்து வந்து ஆறாண்டுகளாக அங்கே வாழும் குடும்பம். பதினைந்து வயதான புதல்வன் பள்ளிக்கூடம் சென்றதே இல்லை. தாயாரிடமே பாடம் கேட்டவன். கணக்கில் நாம் தடுமாறிய இடத்தை அவனே நமக்கு விளக்கினான். "திருப்பதி ஐ.ஐ.டி.யில் சேர இவ்வளவு போதுமல்லவா?" என்று தகப்பனார் வினவினார். அறிவு போதும், காகிதம் போதாது என்று சொல்ல நேர்ந்தது.

மும்பையில் வீட்டிலேயே கற்ற பெண் ஒருவர், கணினி ஒலிம்பியாடில் பதக்கங்கள் வென்று, 2016இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் சேர்ந்தார். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாமையால் நம் நாட்டு ஐ.ஐ.டி. அவரை ஏற்க வழியில்லாது போயிற்று.

அச்சான்றிதழைப் பள்ளிக்குச் செல்லாமலே பெறத் தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனம் உதவுகிறது. பத்தாம் வகுப்புக்கு 14 வயதும், பன்னிரண்டாம் வகுப்புக்கு 15 வயதும் நிரம்பியிருக்க வேண்டும். ஐந்து பாடங்களில் தேற வேண்டும். தமிழையும் ஒன்றாக எடுக்கலாம் என்பது நம்மவர்க்கு உவப்பான செய்தி. ஐந்தாண்டுகளுக்குள் ஒன்பது முறை தேர்வெழுத வாய்ப்புண்டு. ஆனால், பத்தாவது தேறி இரண்டாண்டுகள் கழிந்தாலன்றிப் பன்னிரண்டாவதன் முழுச் சான்றிதழ் கிடையாது. பலர் ஏமாறுவது இங்கேதான். நம் சிறுவன் இன்றே பதிவு செய்தாலும் கல்லூரி வாயிலை அடையப் பதினெட்டு வயதாகிவிடும்.

மருத்துவம் விரும்புவோர்க்கு முன்பு இவ்வழி அடைபட்டிருந்தது. அத்தடையை 2018இல் டில்லி உயர் நீதிமன்றம் நீக்கிற்று; 2024இல் உச்ச நீதிமன்றத்திலும் ஐயம் தீர்ந்தது.

குடிபெயர்ந்த நமக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஆந்திர மாநிலக் கல்லூரிகளில் நூற்றுக்கு 85 இடங்கள் உள்ளூர் மாணவர்க்கே உரியவை. சித்தூரும் திருப்பதியும் ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழக வட்டாரத்தைச் சேர்ந்தவை. அவ்வட்டாரத்தில் தொடர்ந்து நான்காண்டுகள் பயின்றவரே உள்ளூரார். பள்ளியிலேயே பயிலாதவன் என் செய்வான்? 1974ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவனை மறக்கவில்லை. தகுதித் தேர்வுக்கு முந்திய நான்காண்டுகள் அங்கே வசித்திருந்தால் போதும் என்கிறது. பள்ளிப் பதிவேடு இல்லாதவன் வசிப்பைக் காட்டத் தாசில்தாரின் சான்று வேண்டும். அதற்கு ஆதாரமாக ஆண்டுதோறும் சேர்த்த பத்திரங்கள் வேண்டும்.

நாம் விடைபெற எழுந்தபோது, அன்பரின் மனைவியார் பரணிலிருந்த தகரப் பெட்டியை இறக்கி, பழைய வாடகை ரசீதுகளை ஆண்டுவாரியாக அடுக்கத் தொடங்கியிருந்தார். ஓராண்டுக்குரியவை மட்டும் அகப்படவில்லை.