உஷார்! மங்கு போகப் பூசும் க்ரீம் சிறுநீரகத்தில் கை வைக்கும்

‘ஏழே நாளில் முகம் பளிச்’ என்று அச்சடித்து, உள்ளே என்ன கலந்திருக்கிறது என்று ஒரு வரிகூட எழுதாத க்ரீம் டப்பா உங்கள் வீட்டில் இருக்கிறதா? இன்று இரவு அதைப் பூசாதீர்கள். பாசார் மாலாமில் வாங்கியிருந்தாலும் சரி, டிக்டாக் நேரலையில் வாங்கியிருந்தாலும் சரி, சொந்தக்காரர் பாசத்தோடு கொடுத்திருந்தாலும் சரி.

கன்னத்திலும் நெற்றியிலும் மேலுதட்டிலும், இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுபோல, பழுப்பாகப் படரும் மங்கு புற்றுநோய் அல்ல. யாருக்கும் தொற்றாது. உடம்பின் உள்ளே எந்த உறுப்பையும் அது கெடுக்காது. அதை விரட்டுவதாகச் சொல்லி விற்கிறார்களே, அந்த க்ரீம்தான் கெடுக்கும்.

மங்கைக் கூட்டுவது வெயில். நம் பேராக் மாநிலம் நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. இங்கே வெயிலுக்கு ஓய்வு மாதம் கிடையாது. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர்களுக்கு மர நிழலாவது இருந்தது. புல் வெட்டவும் மருந்தடிக்கவும் போன பெண்களுக்கு அதுவும் இல்லை. ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்துவிட்டன. ஆனாலும் சுங்கை சிப்புட்டிலும் பீடோரிலும் மோட்டாரில் வேலைக்குப் போகும் அவர்களுடைய மகள்களின் முகத்தில் அதே வெயில்தான் விழுகிறது. புந்தோங்கில் கச்சாங் பூத்தே வறுக்கும் கடாய் முன்னால் நிற்பவர்களுக்கு அனலும் சேர்ந்துகொள்கிறது. கர்ப்பமும் குடும்பக்கட்டுப்பாட்டு மாத்திரையும் மங்கைத் தூண்டும். அம்மாவுக்கு இருந்தால் மகளுக்கும் வர வாய்ப்பு அதிகம். நம்மைப் போன்ற மாநிறத் தோலில் அது இன்னும் எளிதாகப் பிடித்துக்கொள்ளும்.

இந்த க்ரீம்களில் என்னதான் இருக்கிறது? மலேசிய சுகாதார அமைச்சின் தேசிய மருந்து ஒழுங்குமுறைப் பிரிவு, என்.பி.ஆர்.ஏ., தடைசெய்த பொருள் கலந்த அழகுப் பொருள்களின் அறிவிக்கையை (விற்பதற்கான பதிவை) ரத்து செய்து அடிக்கடி பட்டியல் வெளியிடுகிறது. அவற்றில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள் நான்கு: ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு, பாதரசம். முதல் மூன்றும் மருந்துகள். மருத்துவர் அளவு சொல்லி, நாள் குறித்துக் கொடுக்க வேண்டியவை. கள்ளத்தனமாகக் கலந்து விற்கும்போது அளவும் தெரியாது, நிறுத்த வேண்டிய நாளும் தெரியாது. முதல் சில வாரங்கள் முகம் வெளுக்கும், அக்கம்பக்கம் பாராட்டும். பிறகு தோல் மெலிந்து, சிவப்பு ரத்தநாளம் தெரிந்து, பரு கிளம்பும். நிறுத்தினால் எரிச்சல், பழைய மங்கு இன்னும் கருப்பாகத் திரும்பும். பயந்துபோய் மறுபடி அதே டப்பாவைத் திறக்கிறோம். ஹைட்ரோகுவினோனை ஆண்டுக்கணக்கில் பூசினால் தோலுக்குள் நீலக்கருப்பாக ஒரு கறை தங்கிவிடலாம். அதைப் போக்குவது மிகக் கடினம்.

பாதரசம் இன்னும் கொடியது. தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தையும் நரம்பையும் தாக்கும். கேரளாவில் கோட்டக்கல் ஆஸ்டர் மிம்ஸ் மருத்துவமனைக்கு 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு வகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு அந்நோயின் அரிதான ஒரு வடிவம். அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்க க்ரீம் பூசியவர்கள்! கால் வீக்கமும் நுரைத்த சிறுநீரும்தான் அந்த நோயின் முன்னறிவிப்பு. பூசியவரோடு ஆபத்து நிற்பதில்லை. அம்மாவின் கன்னத்தோடு கன்னம் வைக்கும் குழந்தைக்கும், ஒரே துண்டில் முகம் துடைப்பவருக்கும் பாதரசம் போய்ச் சேரும்.

‘தங்கம், வெள்ளி நகையில் படாமல் பூசவும்’ என்று டப்பாவில் எழுதியிருந்தால் பாதரசத்தைச் சந்தேகியுங்கள். தாலிக்கு ஆகாதது தோலுக்கு ஆகுமா? ‘நோட்’ என்று தொடங்கி ‘கே’ என்று முடியும் அறிவிக்கை எண் இருக்கிறதா என்று பாருங்கள், என்.பி.ஆர்.ஏ. இணையதளத்தில் அதைத் தேடுங்கள். எண் இருந்தால் மட்டும் நம்பிவிடாதீர்கள், ரத்தான பொருளிலும் பழைய எண் அச்சாகியிருக்கும்.

எலுமிச்சைச் சாற்றைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போவதும் வேண்டாம். தோல் வெந்து புதிய கருமை விழும்.

மங்குக்கு முதல் மருந்து வெயில் தடுப்புதான். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீன், அதிலும் இரும்பு ஆக்சைடு கலந்த தோல் நிற வகை நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும், அதை இந்த வகை தடுக்கும். வெளியில் இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். குடையும் அகலத் தொப்பியும் கூடவே வேண்டும். இது இல்லாமல் எந்தச் சிகிச்சையும் நிற்காது. அதற்கு மேல் அசெலாயிக் அமிலமா, சில வாரங்களுக்கு மட்டும் ஹைட்ரோகுவினோன் கலவையா, டிரானெக்சாமிக் அமில மாத்திரையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். அந்த மாத்திரை, ரத்தம் உறையும் ஆபத்து உள்ளவர்களுக்கு ஆகாது. கர்ப்பிணிகள் ட்ரெட்டினாயினும் ஹைட்ரோகுவினோனும் தொடக்கூடாது. பியூட்டி பார்லரில் லேசர் என்று கூப்பிட்டால் போகாதீர்கள். மாநிறத் தோலில் தவறான லேசர் மங்கை மேலும் கருக்கும். நல்ல சிகிச்சைக்கும் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். ஏழு நாள் கணக்குச் சொல்பவர் பொய் சொல்கிறார்.

ஏற்கெனவே பூசி வந்தவர்கள் டப்பாவைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். பையில் இறுக்கிக் கட்டி, பக்கத்து அரசு கிளினிக்குக்கு எடுத்துப் போங்கள். க்ரீமின் பெயரைச் சொல்ல வெட்கப்பட வேண்டாம். பாதரசம் என்று சந்தேகம் வந்தால் சிறுநீரும் ரத்தமும் சோதிக்க வேண்டியிருக்கும். தேவைப்பட்டால் ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனுன் மருத்துவமனைத் தோல் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். குடிமக்களுக்கு அரசு கிளினிக்கில் கட்டணம் 1 ரிங்கிட்தான்.