பாட்டுக்கும் உரிமை உண்டு

போத்தனூர் இரயில் நிலையத்தைக் களமாக வைத்து நாம் ஒரு கணினி விளையாட்டு அமைப்பதாகக் கொள்வோம். அதில் பாரதியார் பாடலைச் சேர்க்கலாமா தோழியரே?

அப்பாடல்களின் ஒலிப்பதிவு உரிமை ஒரு காலத்தில் ஏவி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. 1949இல் சென்னை மாகாண அரசு அதைப் பெற்றது. பின்னர் பாடல்கள் மக்களுக்குப் பொதுவாயின. ஆகவே சொற்களுக்குத் தடையில்லை.

ஆனால் மெட்டுக்கும் இசைத்தட்டுக்கும் தனித்தனி உரிமை உண்டு. இன்றைய சட்டப்படி மெட்டின் உரிமை, அமைத்தவர் மறைந்தபின் 60 ஆண்டுகள் நிற்கும். ஒலிப்பதிவின் உரிமை, வெளியானபின் 60 ஆண்டுகள். அதுவரை இரு உரிமையாளரிடமும் எழுத்து மூலம் அனுமதி பெற வேண்டும். நன்றி என்று பெயர் போட்டால் மட்டும் போதாது.

இன்னொரு வழியும் உண்டு: நாமே மெட்டமைத்து, நாமே பாடிப் பதிவு செய்யலாம். பிறர் உழைப்பைக் கேட்டுப் பெறுவதே நேர்மை.