கச்சான் காற்றும் கவ்வாத்துக் கத்தியும்

ஆடி பிறந்துவிட்டால் ஊவா மலையில் கச்சான் காற்று படுத்தும் பாட்டை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லயத்துத் தகரம் இரவெல்லாம் படபடக்கும். மலையில் நின்றால் தலைத்துணி பறக்கும். ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வருகிற தனி வாசமும் நல்ல விலையும் இந்த வறண்ட காற்றால்தான். இதே காற்று ஒரு காலத்தில் இரும்பும் உருக்கியது என்றால் நம்புவீங்களா?

ஹப்புத்தளை மலைக்குத் தென்மேற்கே, பலாங்கொடைப் பக்கம் சமனலவெவ நீர்த்தேக்கம் இருக்கிறது. அது கட்டப்பட்ட காலத்தில் அந்தச் சரிவுகளில் ஜில் ஜூலெஃப் என்ற ஆய்வாளர் பழைய இரும்பு உலைகளைக் கண்டார். எல்லாம் மேற்குப் பார்த்தவை, காற்று நேராக மோதும் முகட்டில் கட்டியவை. துருத்தியே இல்லை, காற்றுதான் துருத்தி. அதே மாதிரி ஓர் உலையைக் கட்டி எரித்துப் பார்த்தபோது நல்ல உருக்கு இரும்பு கிடைத்தது. 1996-இல் இதை ‘நேச்சர்’ என்ற விஞ்ஞான சஞ்சிகையில் எழுதினார். அந்த உலைகள் 7ஆம் நூற்றாண்டுக்கும் 11ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. 9ஆம் நூற்றாண்டில் அல்-கிந்தி என்ற அரபு அறிஞர் வாள்களைப் பற்றி எழுதும்போது ‘சரந்தீப்’ வாளையும் சொல்லியிருக்கிறார். சரந்தீப் என்றால் இலங்கை.

நாம் மண்ணிலிருந்து இரும்பு எடுக்கப் போவதில்லை. லொறிக்காரன் கழித்துப்போட்ட ஸ்பிரிங் பட்டை போதும். ஞாயிற்றுக்கிழமையில் பழைய இரும்பைத் தட்டிப் பார்க்கிற பிள்ளைகள் நம்ம தோட்டங்களிலும் இருக்கிறார்கள். நல்ல பழக்கம்தான். கவ்வாத்துக் கத்தி மழுங்கினால் செடியின் பட்டை கிழியும், தோள் வலிக்கும், பேர் முடியாமல் அரைப்பேரோடு திரும்ப வேண்டிவரும். கூர் நிற்கிற கத்தி ஒன்றைத் தானே அடித்துக்கொள்ளத் தெரிந்தவனுக்கு அந்தக் கவலை குறைவு.

முதலில் எந்த இரும்பு என்று தெரிய வேண்டும். கொங்கிறீட் கம்பியும் தகரமும் கத்திக்கு ஆகாது. ஸ்பிரிங் பட்டை, தேய்ந்த அரம், வாள் தகடு, உடைந்த கவ்வாத்துக் கத்தி, இவற்றில் கரிச்சத்து உண்டு. சந்தேகமாக இருந்தால் சிறு துண்டைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போடுங்கள். ஆறியதும் சாக்கில் சுற்றிச் சுத்தியலால் அடியுங்கள். வளைந்தால் அது வெறும் இரும்பு. கண்ணாடி மாதிரி ஒடிந்தால் உருக்கு. சாக்கு மறந்தால் சிதறும் துண்டு கண்ணில் பாயும்.

உலைக்குப் பழைய லொறி பிரேக் டிரம் போதும். உள்ளே களிமண் பூசி, அடியில் ஒரு இரும்புக் குழாய் வைத்து, கையால் சுற்றும் ஊதுகாற்றாடியை மாட்டினால் சரி. சிரட்டைக் கரி நல்ல சூடு தரும். பட்டடைக்கு கனமான இரும்புக் கட்டை எதுவானாலும் சரிதான். தண்டவாளத் துண்டு அருமையாக இருக்கும், ஆனால் அது ரயில்வே திணைக்களத்துச் சொத்து. பழைய இரும்புக் கடையில் பற்றுச்சீட்டோடு வாங்கியதாக இருந்தால் மட்டும் தொடுங்கள். ஸ்டோருக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடப்பதும் அப்படித்தான். “சும்மா கிடந்தது” என்று தூக்கி வந்தால் வேலைக்கே ஆபத்து. தொரையிடம் கேட்டு, ஒரு துண்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆரஞ்சு நிறத்தில் இருக்கும்போது அடியுங்கள். மங்கிய சிவப்புக்கு வந்ததும் நிறுத்தி மறுபடி காய்ச்சுங்கள். ஆறின இரும்பை அடித்தால் வெடிப்பு விழும். பொறி பறக்குமளவு காய்ந்தால் உருக்கு எரிகிறது என்று அர்த்தம், அந்தத் துண்டு வீண். வடிவம் வந்தபின் மூன்று முறை சிவக்கக் காய்ச்சிக் காற்றிலேயே ஆறவிடுங்கள். விளிம்பை நாணயத் தடிப்புக்கு அராவுங்கள். இதற்கு மேல் மெல்லியதாக்கினால் அடுத்த வேலையில் கோணிவிடும்.

அடுத்தது தோய்ச்சல். கத்தியின் உயிரே இதில்தான். காய்ந்த இரும்பைக் காந்தம் பிடிக்காது. ஏறக்குறைய 770 பாகை செல்சியஸில் அந்தக் குணம் போய்விடுகிறது. பழைய ஸ்பீக்கர் காந்தம் ஒன்றைப் பக்கத்தில் வைத்துத் தொட்டுப் பாருங்கள். ஒட்டவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் காய்ச்சி, இளஞ்சூடான தேங்காய் எண்ணெயில் முழுதாக இறக்குங்கள். பாதி வெளியே நின்றால் எண்ணெய் தீப்பிடிக்கும். இரும்பு வாளியும் மூடியும் வேண்டும், பிளாஸ்டிக் ஆகவே ஆகாது. தண்ணீரில் தோய்த்தால் ஸ்பிரிங் பட்டை வெடிக்கக்கூடும்.

இப்போது கத்தி கடினம், ஆனால் கீழே விழுந்தாலே ஒடியும். ஒரு பக்கத்தை மினுக்கிவிட்டு, முதுகுப் பக்கமாக மெதுவாகச் சூடாக்குங்கள். வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா என்று நிறம் ஓடும். மரக்கறி வெட்டும் கத்திக்கு மஞ்சள் போதும். கவ்வாத்துக் கத்தி கட்டையில் மோதுவது, அதனால் விளிம்பில் பழுப்பு ஊதாவாக மாறும்போது தண்ணீரில் போட்டு நிறுத்துங்கள். அவசரப்பட்டு நீலம் வரை விட்டுவிட்டால் கூர் நிற்காது. முதல் இரண்டு கத்தி எல்லோருக்கும் இங்கேதான் கெடுகிறது.

லயத்துக்குள் உலை மூட்டவே கூடாது. கரிப்புகையில் வரும் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது, தூங்குகிற குழந்தையை எழுப்பாமலே கொன்றுவிடும். நாகம் பூசிய வாளி, குழாய், தகரம் எதையும் காய்ச்சாதீர்கள், அந்த வெள்ளைப் புகையால் இரவில் குளிர்காய்ச்சல் வரும். மருந்தடித்த டாங்கியும் மூடிய ஷொக் அப்சோர்பரும் கிட்டவே வரக்கூடாது. டாங்கி விஷம், மற்றது வெடிக்கும். நைலோன் துணி உருகித் தோலில் ஒட்டும், பருத்தி உடுத்துங்கள். கண்ணுக்குக் கண்ணாடி.

கச்சான் மாதங்களில் உலையைத் தொடாதீர்கள். மானாப்புல் காய்ந்து நிற்கும்போது ஒரு பொறி பறந்தால் மலையே எரியும், அதைப் பார்த்தவர்கள்தானே நாம். ஐப்பசி, கார்த்திகை மழையில், நாலு பக்கமும் திறந்த கொட்டகையில், தண்ணீர் வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள். கத்தி தயாரானால் கைப்பிடிக்குக் கொய்யாக் கட்டை பாருங்கள், மழையில் நனைந்தும் லேசில் பிளக்காது.