கால் சறுக்கியதா, கடமை சறுக்கியதா?

கட்டட வேலைத்தலத்திலே சாரக்கட்டிலிருந்து விழுந்து வைத்தியசாலையில் கிடக்கும் எம்மவரிடம் என்ன நடந்தது என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே விடைதான் வருகின்றது: "கால் சறுக்கிவிட்டது." பார்க்க வந்தவர்களும் "எல்லாம் விதி" என்று பெருமூச்சு விட்டுப் போகின்றார்கள். விழுந்தவரின் காலையும் தலைவிதியையும் குற்றஞ்சாட்டும் அந்தச் சிறு வாக்கியம், பலகையை இறுகக் கட்டாதவரையும், தடுப்புக் கம்பி பொருத்தாமல் வேலை வாங்கியவரையும் ஓசையின்றி விடுதலை செய்துவிடுகின்றது.

பிரித்தானியச் சட்டம் விதியை விசாரிப்பதில்லை. கவனயீனத்துக்கான பொறுப்பைத் தீர்மானிக்க அது மூன்று கேள்விகளைக் கேட்கின்றது. விழுந்தவரின் பாதுகாப்பைப் பேணும் கடமை எவருக்கு இருந்தது? அக்கடமையை அவர் மீறினாரா? அம்மீறலினாலேதான் காயம் விளைந்ததா?

முதலாவது கேள்விக்கு, ஸ்கொட்லாந்துச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் 1937ஆம் ஆண்டு பிரபுக்கள் சபை தெளிவான விடை கூறியது. தகுதியுள்ள சக ஊழியர், போதிய உபகரணம், பாதுகாப்பான வேலைமுறை ஆகியவற்றை ஏற்பாடு செய்வது முதலாளியின் சொந்தக் கடமை. அதை இன்னொருவரிடம் ஒப்படைத்துவிட்டு அவர் கைகழுவ முடியாது. "சாரக்கட்டைக் கட்டியது வேறு ஒப்பந்தகாரர்" என்பது முதலாளிக்கு முழுமையான தப்பு வழியன்று. கட்டிய ஒப்பந்தகாரரும், தலத்தை நிர்வகித்த பிரதான ஒப்பந்தகாரரும் தத்தம் பங்குக்குப் பொறுப்பாளிகளாகலாம்.

கடமை மீறப்பட்டதா என்பதை அளக்கும் கோல்களும் உள்ளன. உயரத்தில் வேலை செய்தல் பற்றிய 2005ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, கட்டட வேலைத்தலத்துச் சாரக்கட்டின் மேல் தடுப்புக் கம்பி குறைந்தது 950 மில்லிமீற்றர் உயரத்தில் இருத்தல் வேண்டும். 2 மீற்றரோ அதற்கு மேலோ விழக்கூடிய இடமாயின், சாரக்கட்டை 7 நாட்களுக்கு ஒரு தடவையேனும் பரிசோதிக்க வேண்டும். அதன் உறுதியைப் பாதிக்கக்கூடிய புயற்காற்று அடித்தாலும் பரிசோதனை அவசியம். 2013 ஒக்ரோபருக்குப் பின் நிகழ்ந்த விபத்துக்களில் இவ்விதிகளை மீறியமை மாத்திரம் நட்டஈட்டு வழக்குக்குப் போதாது. கவனயீனத்தை நிரூபித்தாக வேண்டும். ஆயினும், கவனமுள்ள முதலாளி என்ன செய்திருப்பார் என்பதற்கு அவ்விதிகள் இன்றும் சான்றாக நிற்கின்றன.

"நான் கூலிக்கு நின்றவன், பதிவு இல்லை, கையில் காசு" என்று தயங்குவோர் 1976ஆம் ஆண்டின் ஒரு தீர்ப்பை அறிதல் நன்று. பெர்குசன் எதிர் ஜோன் டோசன் என்ற அவ்வழக்கில், பதிவேதுமின்றி வேலைக்குச் சேர்ந்த தொழிலாளி ஒருவர், தட்டைக் கூரையிலிருந்து சாரப் பலகைகளை அகற்றுகையில் சுமார் 15 அடி கீழே விழுந்தார். அங்கே தடுப்புக் கம்பி இருக்கவில்லை. அவர் சுயதொழிலாளர், ஆகவே தமக்குப் பொறுப்பில்லை என்றது நிறுவனம். எங்கே, என்ன, எப்படிச் செய்வதென்று கட்டளையிட்டவர் எவரோ அவரே முதலாளி. இருதரப்பும் சூட்டிக்கொண்ட பெயர் உண்மையை மாற்றாது என்று மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் மூவரில் இருவர் தீர்ப்பளித்தனர். 30 ஆயிரம் பவுணுக்கு மேற்பட்ட நட்டஈடு நிலைநின்றது.

மூன்றாவது கேள்வியில் வழுக்கியவர்களும் உண்டு. 1962இல் பிரபுக்கள் சபை தீர்த்த வழக்கொன்றில், உயரத்திலிருந்து விழுந்து இறந்த உருக்குத் தொழிலாளிக்குப் பாதுகாப்புப் பட்டி கொடுக்கப்பட்டிருக்கவில்லை. கொடுத்திருந்தாலும் அவர் அணிந்திருக்க மாட்டார் என்று சாட்சியங்கள் காட்டியமையால் அவரது விதவை தோற்றார். பட்டியை, தலைக்கவசத்தை அலட்சியம் செய்யும் எம் இளைஞர்கள் இதை மனங்கொள்ள வேண்டும். எனினும், தன்பக்கம் சிறிது தவறிருந்தால் எல்லாம் போயிற்று என்றெண்ண வேண்டாம். 1945ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தவறின் அளவுக்கேற்ப நட்டஈடு குறைக்கப்படும். வழக்கு அதனாற் சாகாது.

வேலை அனுமதியற்ற அகதி விண்ணப்பதாரரின் நிலை மிகவும் இக்கட்டானது. அனுமதியின்றி வேலை செய்தல் 2016இன் குடிவரவுச் சட்டப்படி தானே ஒரு குற்றம். அந்த அச்சமே முதலாளிக்குக் கவசமாகின்றது. ஆயினும், அதே 2016இல் பட்டேல் எதிர் மிர்சா வழக்கில் உச்ச நீதிமன்றம், பின்னணியில் சட்டமீறல் இருந்தமையால் மாத்திரம் ஒரு கோரிக்கையைத் தள்ளிவிடாது, அவ்வாறு மறுப்பது மீறலுக்கு ஏற்ற அளவினதா என்பதையும் நிறுக்க வேண்டும் என்று கூறியது. இழந்த ஊதியத்துக்கான கோரிக்கை அடிபடலாம்; முறிந்த முதுகெலும்புக்கான கோரிக்கையும் அதனுடன் தானாக அடிபட்டுவிடும் என்பதில்லை. ஆகவே வேறெவரிடமும் பேசுமுன் சட்டத்தரணியிடம் உண்மையை ஒளியாது சொல்லுங்கள். உங்கள் ஆலோசனையை இரகசியமாகக் காப்பது அவரது கடமை.

பொதுவாக வழக்குத் தொடரக் காலவரையறை 3 ஆண்டுகள். ஆனால் சாரக்கட்டோ அடுத்த நாளே திருத்தப்பட்டுவிடும்; இல்லாதிருந்த கம்பி முளைத்துவிடும். ஆதலால் நண்பர்களே முதல் நாளில் இயங்க வேண்டும். இடத்தைப் படம் பிடியுங்கள். அருகில் நின்றவர்களின் பெயரையும் தொலைபேசி இலக்கத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். விபத்துப் புத்தகத்தில் பதிவு செய்யக் கோருங்கள். விளங்காத மொழியில் நீட்டப்படும் கடதாசியில் கையொப்பமிட வேண்டாம்.

வைத்தியர் கேட்கும்போது, நடந்ததை நடந்தவாறே சொல்லுங்கள்: "பலகை கட்டப்பட்டிருக்கவில்லை, பிடிக்கக் கம்பி இருக்கவில்லை, விழுந்தேன்." அந்தக் குறிப்பு, பின்னொரு நாள் நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசக்கூடும். "கால் சறுக்கிவிட்டது" என்ற குறிப்போ, முதலாளிக்காகவே பேசும்.