ஒரு பங்கு சீனி, நாலு பங்கு தண்ணீர்

ஹம்மிங்பேர்டு எனப்படும் ஓசனிச்சிட்டுகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒன்றுகூட அமெரிக்கக் கண்டங்களைத் தாண்டி வசிப்பதில்லை. அங்கே அவற்றுக்காக வீட்டுத் தோட்டங்களில் சீனித் தண்ணீர்க் குடுவை தொங்கவிடுவது பழைய வழக்கம். சதுரகிரி அடிவாரத்து மகாராஜபுரத்தில் அந்தக் குடுவையைத் தேடி வரக்கூடியது நம்ம ஊர்த் தேன்சிட்டு.

செய்முறை எளிது. வெள்ளைச் சீனி ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு. சீனி கரையும்வரை சூடாக்கி, நன்றாக ஆறவிட வேண்டும். பூக்களின் தேனிலும் இனிப்பு ஏறக்குறைய இந்த அளவுதான். சத்து சேரட்டும் என்று கருப்பட்டியோ வெல்லமோ போடக்கூடாது. அவற்றிலுள்ள இரும்பு பறவைக்கு ஆகாது. தேன் ஊற்றினால் பூஞ்சை பிடிக்கும். சிவப்புச் சாயமும் தேவையில்லை, குடுவையில் சிவப்பு இருந்தால் போதும். விருதுநகர் மாவட்ட வெயிலில் கரைசல் சீக்கிரம் புளித்துவிடும். தினமும் கொட்டிக் கழுவ நேரமில்லாதவர்கள் குடுவையே வாங்க வேண்டாம்.

உண்மையில் இந்தப் பக்கத்தில் குடுவைக்கு அவசியமும் குறைவு. வாழைப்பூ, முருங்கைப்பூ, தென்னம்பாளை, செம்பருத்தி என்று தேன்சிட்டுக்கு வீட்டைச் சுற்றியே பந்தி விரித்திருக்கிறது. ஓசனிச்சிட்டு அந்தரத்தில் நின்றபடி குடிக்கும். தேன்சிட்டும் சில நொடி அப்படி நிற்கும் என்றாலும், காம்பில் உட்கார்ந்து குடிப்பதுதான் அதற்குச் சௌகரியம். குடுவை தொங்கவிடுபவர்கள் உட்கார ஒரு குச்சியும் கட்டிவிடலாம்.

மாந்தோப்புகளில் ஒரு வேடிக்கை உண்டு. மரத்தை உறிஞ்சும் புல்லுருவியைக் கண்டாலே விவசாயி அரிவாளைத் தேடுவார். தேன்சிட்டுக்கோ அதன் குழல் பூதான் விருந்து. அலகால் நெருக்கியதும் மொட்டு வெடித்துத் திறக்கும், மகரந்தம் பறவைமேல் அப்பிக்கொள்ளும். பழத்தைத் தின்று விதையை அடுத்த கிளையில் ஒட்டவைப்பது வேறொரு குட்டிப் பறவை, பூங்கொத்தி. கொங்கணப் பகுதியில் இந்தக் கூட்டணியைக் கவனித்து, பறவையியலாளர் சாலிம் அலி 1931-இல் விரிவாக எழுதினார். தோப்புக்காரர் பார்வையில் இரண்டும் குற்றவாளிகள்தாம்!

குஞ்சு பொரித்த பிறகு தேன்சிட்டின் தேவை மாறிவிடுகிறது. வளரும் குஞ்சுக்குப் புரதம் வேண்டும். தாய்ப்பறவை சிலந்தியையும் சிறு புழுக்களையும் பிடித்து வருகிறது. கூடு பின்னவும் அதற்குச் சிலந்தி நூல்தான் வேண்டும். ஆகவே, குடுவை தொங்கும் வீட்டில் செம்பருத்திக்கு மருந்தடிக்காமல் விடுவதும், தாழ்வாரத்து ஒட்டடையில் கொஞ்சத்தை மிச்சம் வைப்பதும் சீனித் தண்ணீரைவிடப் பெரிய உபசாரம்.